எடைக்குப் போகும் சாமானில் மதிப்பைக் கண்டறிவது எப்படி?

பழைய சாமான் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலைகள் உண்டு. இன்று பித்தளை கிலோ என்ன, இரும்பு கிலோ என்ன என்று கேட்டுத் தராசில் வைத்துச் சொல்வது எடை விலை. அந்தப் பொருள் எந்தக் காலத்தில், யார் கைவேலையில், எந்தப் பயனுக்காகச் செய்யப்பட்டது என்பதை அறிந்த ஒருவர், அதை உருக்காமல் அப்படியே வைத்துக்கொள்வதற்காகத் தர முன்வருவது பொருள் விலை. பெரும்பாலான பழஞ்சாமான்களுக்கு இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டியை எத்தனை பெரிய நிபுணர் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அது ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டியே. சில பொருள்களில் மட்டும் இரண்டு விலைகளுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். பிறர் கவனிக்காமல் கழித்துப்போடும் குவியலில் அந்த இடைவெளியைக் கண்டுகொள்வதுதான் இந்தத் தொழிலும் இந்தப் பொழுதுபோக்கும்.

புதிதாக இறங்குபவருக்கு இதில் ஒரு காப்பும் இருக்கிறது. எடை விலைக்கு அருகில் வாங்கிய உலோகப் பொருளில் கணிப்புத் தவறினாலும் பெரிய நட்டம் வராது. திரும்பவும் தராசில் போட்டுவிடலாம். மரம், காகிதம், பீங்கான், கண்ணாடி ஆகியவற்றுக்கு இந்த வசதி கிடையாது. ஆகவே கண் பழகும்வரை உலோகத்தோடு நிற்பதே நல்லது.

செட்டிநாட்டில் ஏன் இத்தனை சாமான்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்திய, காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டின் வணிகச் சமூகமான நகரத்தார், அங்கிருந்து ஊருக்குப் பணத்தை மட்டும் கொண்டுவரவில்லை. பர்மாத் தேக்கும், இத்தாலியச் சலவைக்கல்லும், பெல்ஜியம் கண்ணாடியும், சுவீடன் நாட்டு இனாமல் பாத்திரமும், ஜப்பானியச் சுவர் ஓடுகளும் கப்பலேறி வந்து கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் வீடுகளின் வளவுகளையும் அறைகளையும் நிறைத்தன. மகளுக்குக் கொடுக்கும் சீரில் பித்தளையும் வெண்கலமும் வெள்ளியும் மங்கும் (இனாமல் பாத்திரம்) மரவையும் (மரப் பாத்திரம்) வகைவகையாக இருக்கும்; கல்யாணத்தில் அவற்றைப் பரப்பி வைப்பதும் வழக்கம். அப்படி வந்த சாமான்களில் பல ஒருமுறைகூட அடுப்பேறாமல் அறைகளில் அடுக்கப்பட்டு, அடுத்த தலைமுறைக்கும் அதற்கடுத்த தலைமுறைக்கும் இறங்கின.

1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது; அந்த நாடு விடுதலை பெற்ற பிறகு அங்கே நிலங்கள் அரசுடைமையாயின. தொழில் போனதும் வீட்டைப் பராமரிக்கும் வருமானமும் போயிற்று. வீடு ஒன்று, பங்காளிகள் பலர் என்ற நிலையில், பொங்கலுக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் பெருகின. பராமரிக்க முடியாதவை பிரிக்கப்பட்டன. ஒரு வீட்டைப் பிரிக்கும்போது தூணும் நிலையும் கதவும் முதலில் விலைபோகும். அறைச் சாமான்கள் மொத்தமாகப் பேசி முடிக்கப்படும். மிச்சம் எடைக்குப் போகும். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் இந்த ஓட்டத்தின் கரையில் எழுந்தவை. அங்கே விற்பவர்களுக்குப் பொருள் விலை நன்றாகவே தெரியும். எனவே அந்தத் தெரு புதியவருக்குப் பள்ளிக்கூடம். மலிவாக அள்ளிக்கொள்ளும் இடமன்று. இடைவெளி இன்னும் மிஞ்சியிருப்பது அதற்கு முந்தைய கட்டங்களில்தான்: வீடு ஒழிக்கும் இடத்தில், காயலாங்கடையின் பின்புறத்தில், பழையதைப் போட்டுப் புதிது வாங்கும் பாத்திரக் கடையின் மூலையில்.

முதலில் உலோகம்

காயலாங்கடைக்காரர் எந்தச் சாமானையும் முதலில் காந்தத்தால் தொட்டுப் பார்ப்பார். பித்தளை, செம்பு, வெண்கலம், வெள்ளி ஆகிய எதுவும் காந்தத்தில் ஒட்டாது. மஞ்சளாகப் பளபளக்கும் விளக்கில் காந்தம் ஒட்டினால், அது இரும்பின்மேல் பித்தளை முலாம் பூசியது. காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் பொருள் உயர்ந்தது என்று ஆகிவிடாது. துத்தநாக வார்ப்பும் ஒட்டாது, அலுமினியமும் ஒட்டாது, நல்ல எவர்சில்வரும் பெரும்பாலும் ஒட்டாது. கழிக்க வேண்டியதைக் கழிப்பதற்கு மட்டுமே காந்தம் உதவும்.

அடுத்தது ஓசை. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். வெண்கலத்தில் வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும்போது மணியோசை பிறக்கிறது. ஒரு விரல் நுனியில் பாத்திரத்தின் அடியைத் தாங்கி, விளிம்பை மற்றொரு கையின் நகத்தால் சுண்டினால், வெண்கலம் நீண்டு ஒலித்து மெல்ல அடங்கும். பித்தளை சீக்கிரம் ஓய்ந்துவிடும். நல்ல வெண்கலப் பானை திடீரென்று செத்த ஓசை தந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ இருக்கிறது என்று கொள்ள வேண்டும். வெண்கலம் கடினமானது, கீழே விழுந்தால் ஒடுங்காமல் உடையும். பித்தளை ஒடுங்கும், தட்டி எடுத்துவிடலாம்.

ஓசையாலும் நிறத்தாலும் தீராத சந்தேகத்தைத் தண்ணீர் தீர்க்கும். சமையலறை மின்தராசின்மேல் பாதியளவு தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தை வைத்து, அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சோதிக்க வேண்டிய சொம்பைத் தனியே எடை போட்டுக்கொண்டு, பிறகு நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாமல், உள்ளே காற்று தங்காமல் சாய்த்து, தண்ணீருக்குள் முழுதும் அமிழ்த்திப் பிடிக்க வேண்டும். அப்போது தராசு காட்டும் எண், சொம்பு விலக்கிய தண்ணீரின் எடை. சொம்பின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி கிடைக்கும். 850 கிராம் சொம்புக்குத் தராசு 100 காட்டினால் விடை 8.5, அது பித்தளை. 95 காட்டினால் 8.9-ஐத் தாண்டும், அது செம்பு. வெள்ளிக்கு விடை 10.5 வர வேண்டும். வெள்ளி என்று நம்பிக் கொண்டுவரப்படும் கரண்டிகளில் பல, 8.6-ஐ ஒட்டி நின்று, தாம் ஜெர்மன் சில்வர் என்று ஒப்புக்கொள்ளும். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த அதில் வெள்ளி ஒரு துளியும் கிடையாது. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் அடர்த்தி மிக நெருக்கம் என்பதால் அவ்விரண்டையும் இந்த முறையில் பிரிக்க முடியாது. அதற்கு ஓசையே சாட்சி. உள்ளே அரக்கு நிரப்பிய பொருளுக்கும் மூடிய வெற்றிடம் உள்ள பொருளுக்கும் இந்தச் சோதனை பயன்படாது.

ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கு இந்தச் சோதனை உடல்நலக் கேள்வியும்கூட. அது வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும், காரீயம் நஞ்சு. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தின் அடர்த்தி 11.3. எனவே 730 கிராம் சொம்பு நீரில் 100 கிராம் காட்டினால் அது வெள்ளீயம். எண் குறையக் குறைய அதில் காரீயம் கலந்திருக்கிறது என்று பொருள். 65-ஐ நெருங்கினால் அது முற்றிலும் காரீயமே. வெள்ளைத் தாளில் உரசும்போது பென்சில்போலக் கருங்கோடு விழுவதும் காரீயத்துக்கு அறிகுறி. அப்படிப்பட்ட சொம்பை அலமாரியில்கூட வைக்காமல், காரீய விலைக்கே தள்ளிவிடுவது நல்லது.

கைவேலை, தேய்மானம், முழுமை

உலோகம் எடை விலையைத்தான் சொல்லும். பொருள் விலையைச் சொல்லத் தொடங்குவது கைவேலை. பழைய செம்புப் பானைகளிலும் அண்டாக்களிலும் தகட்டை வளைத்து, ஓரங்களைப் பல்பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பற்றவைத்திருப்பார்கள். உடலின் மேல் ஓடும் அந்தப் பல்வரிசைக் கோடு உள்பக்கத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். சுத்தியல் அடிகள் வரிசையாக, ஆனால் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கும்போது தோன்றும். இயந்திரத்தில் அழுத்தி எடுத்த பாத்திரத்தில் இணைப்புக் கோடே இருக்காது. தகட்டின் கனமும் எங்கும் சீராக இருக்கும்.

தேய்மானத்தில் ஒரு நியாயம் இருக்க வேண்டும் என்பது போலியைக் கண்டுபிடிப்பதற்கு மிக எளிய வழி. கூஜா என்றால் கை பிடிக்கும் இடம் வழுவழுப்பாகவும், தரையில் அமரும் வளையம் கீறலாகவும், திருகு மூடியின் மரை மழுங்கியும் இருக்கும். கை எட்டாத வளைவுகளில் கறுப்பு தங்கியிருக்கும். வேண்டுமென்றே பழசாக்கிய பொருளில் எல்லா இடமும் ஒரே அளவுக்குக் கறுத்தோ பச்சையேறியோ இருக்கும். அமிலமும் மண்ணும் ஒரு மாதத்தில் அந்த நிறத்தைத் தரலாம். நாற்பது ஆண்டு ஒரே இடத்தைப் பிடித்த கையின் தடத்தை அவற்றால் தர முடியாது.

மரச் சாமானுக்கும் இதே நியாயம் பொருந்தும், ஆனால் பார்க்க வேண்டியது பின்புறத்தை. முன்பக்கம் எத்தனை பழமையாக மெருகேற்றப்பட்டிருந்தாலும், இழுப்பறையின் அடியிலும் கண்ணாடிச் சட்டத்தின் முதுகிலும் உண்மை இருக்கும். கையிழைப்புளி ஓடிய பலகையில் விரலால் தடவினால் மெல்லிய அலைகள் தட்டுப்படும். வட்ட ரம்பம் அறுத்த பலகையில் வில்போன்ற வளைகோடுகள் இருக்கும். கூட்டல் குறி போன்ற தலைவெட்டு உள்ள திருகாணி 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. தாத்தா காலத்துக்கும் முந்தைய பெட்டி என்று சொல்லப்படுவதில் அது இருந்தால், குறைந்தது பழுதுபார்ப்பாவது பின்னால் நடந்திருக்கிறது. தேக்குத் தூணுக்கும் நிலைக்கும் கதவுக்கும் மறுபயன் விலை என்று மூன்றாவது விலை ஒன்றும் உண்டு: இப்போது எங்கோ கட்டப்படும் வீட்டுக்கும் விடுதிக்கும் அவை அப்படியே போகின்றன. ஆகவே அவை எடைக்கு வருவது அபூர்வம்.

முழுமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூடியில்லாத கூஜாவும், உள்டப்பாக்கள் தொலைந்த வெற்றிலைச் செல்லமும், நடுத்தண்டு மாறிய குத்துவிளக்கும் எடை விலைக்கு இறங்கிவிடும். விளக்கைத் திருகிப் பிரித்துப் பாகங்களின் நிறத்தையும் மரையையும் ஒப்பிட வேண்டும். வேறு வேறு விளக்குகளின் பாகங்களைக் கூட்டி ஒன்றாக்கி விற்பது சாதாரணம். அதே சமயம், அனாதையாகக் கிடக்கும் மூடிகளை மலிவாக வாங்கி வைப்பவர்கள் முட்டாள்கள் அல்லர்.

எழுத்தைப் படித்தால் காலம் தெரியும்

என் அனுபவத்தில், ஆரம்பநிலையில் இருப்பவருக்கு அதிகப் பலன் தருவது பொருளின்மேல் உள்ள எழுத்தைப் படிக்கும் பழக்கம். இதற்குக் கருவி வேண்டாம். பள்ளிக்கூட வரலாறு போதும். நாடுகளும் மாநிலங்களும் மாவட்டங்களும் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒவ்வொரு பெயரும் பொருளின் காலத்துக்கு ஒரு வேலி போடுகிறது. அடியில் 'செக்கோஸ்லோவாக்கியா' என்றிருந்தால், அந்த நாடே 1918-இல் தோன்றி 1992-இன் முடிவில் மறைந்தது என்பதால், பொருள் அதற்கிடைப்பட்டது. தேயிலைப் பெட்டியில் 'சிலோன்' என்பது நாட்டின் பெயராக இருந்தால் அது 1972-க்கு முந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் தேயிலைக்கு அந்தப் பெயர் இன்றும் வழங்குவதால் அதை மட்டும் நம்பக் கூடாது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று ஆங்கிலத்தில் பொறித்த பீங்கான், இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1952 வரையிலான சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும்.

உள்ளூர்ச் சாமானில் வேலி இன்னும் நெருக்கமாக விழும். விலைச்சீட்டில் அணா இருந்தால் 1957-க்கு முன். 'நயா பைசா' இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே, ஏனென்றால் அதன்பிறகு 'நயா' உதிர்ந்துவிட்டது. கடை முகவரியில் மாநிலம் 'மதராஸ்' என்றிருந்தால் 1969-க்கு முன். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். காரைக்குடிக் கடைக்கு 'இராமநாதபுரம் ஜில்லா' என்று அச்சிட்டிருந்தால், சிவகங்கை தனி மாவட்டமான 1985-க்கு முன். ணை, லை, னை ஆகியவற்றைக் கொம்பு வளைத்துத் துதிக்கை போட்டு எழுதியிருந்தால், 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்று நிறுத்திக்கொள்வதற்குக் காரணம், கை பழகிய எழுத்தை அரசாணை வந்த மறுநாளே யாரும் விட்டுவிடவில்லை என்பது.

பாத்திரத்தில் புள்ளிபுள்ளியாக வெட்டிய பெயரும் முதலெழுத்துகளும் செட்டிநாட்டுச் சாமானின் பெருமை. பலர் அதைக் குறையாக எண்ணித் தேய்த்து அழிக்கச் சொல்கிறார்கள். பொருள் விலையைத் தாமே தேய்த்து எறிவது அது. ஊர்ப்பெயரோடும் வீட்டு அடையாளத்தோடும் கிடைத்த அண்டா எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. பெயர் பின்னால் வெட்டப்பட்டிருக்கலாம் என்பதால், அது பாத்திரத்தின் பிறந்தநாளைச் சொல்லாது. இன்ன வீட்டில் இருந்தது என்பதை மட்டும் சொல்லும்.

மங்குத் தட்டுகளையும் வாளிகளையும் திருப்பிப் பார்த்தால், சுவீடன் நாட்டுக் கோக்கும்ஸ் நிறுவனத்தின் முத்திரை அடிக்கடி தென்படும். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்டியதே இனாமல். விளிம்பில் சில்லு பெயர்ந்து கரும்புள்ளி தெரிவது வயதின் இயல்பு, அதனால் விலை அதிகம் இறங்காது. உள்ளடியில் துரு ஓட்டை போட்டிருந்தால் அதை விட்டுவிடலாம். பழைய மங்கில், குறிப்பாகச் சிவப்பும் மஞ்சளும் உள்ளவற்றில், காட்மியம், காரீயம் போன்றவை இருக்க வாய்ப்புண்டு. அவற்றைச் சுவரில் மாட்டலாம், புளிக்குழம்பு ஊற்றக் கூடாது. சுவர் ஓடுகளிலும் முதுகைப் படிக்க வேண்டும். இங்கிலாந்தின் மின்டன் பெயரும் ஜப்பானிய நிறுவனங்களின் பெயர்களும் அங்கே புடைப்பெழுத்தில் இருக்கும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதன்று, கண்ணாடித் தட்டின்மேல் வார்த்த சிமென்ட். பெயர்க்கும்போது பெரும்பாலும் உடைந்துவிடுவதால், முழுதாகக் கிடைக்கும் பழைய கற்கள் ஒன்றிரண்டாகத்தான் தேறும்.

சாமி படங்களுக்கு ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பிறகு லோணாவளாவுக்கு அருகிலுள்ள மளவலிக்கு மாறி, ஒரு ஜெர்மானியர் கைக்குப் போய், 1906-இல் ஓவியர் மறைந்த பின்னும் நெடுங்காலம் அச்சிட்டுக்கொண்டே இருந்தது. எனவே படத்தின் அடியில் அச்சகப் பெயர் இருப்பதால் அது ஓவியர் காலத்துப் படம் என்று ஆகாது. பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது, கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சுப் படத்தில் நிறப்புள்ளிகள் மணல் தூவியதுபோல ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். அண்மைக்கால ஆப்செட் அச்சில் புள்ளிகள் ஒழுங்கான கட்டத்தில் பூப்பூவாக அமர்ந்திருக்கும். சாமிக்கு உண்மையான பட்டுத்துணியும் சம்கியும் ஒட்டிப் புடவை கட்டிவிட்ட படங்கள் செட்டிநாட்டு வீடுகளில் நிறைய இருந்தன. அந்த அலங்காரத்தைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஆசைப்படக் கூடாது.

எடை விலையில் மிகக் குறைந்தது காகிதம்

எடை விலைக்கும் பொருள் விலைக்கும் இடையே மிக அகன்ற பள்ளம் காகிதத்தில்தான் இருக்கிறது. வீடு ஒழிக்கும்போது பேரேடுகளும், ரங்கூனிலிருந்து வந்த கடிதங்களும், கல்யாணப் பத்திரிகைகளும், கடை விளம்பரங்களும், பழைய மாத இதழ்களும் கிலோக்கணக்கில் கழிவுக் காகிதமாகப் போகின்றன. கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்க்கையைத் தொடங்கி, யாரும் வேண்டாத தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் பல்லாயிரக்கணக்கில் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. எந்தப் பழைய பித்தளைக் கடையிலிருந்தும் அப்படியொரு நிறுவனம் எழுந்ததில்லை.

காகிதத்தில் தேட வேண்டியது அழகையன்று, அரிதையும் தொடர்ச்சியையும். நல்ல பைண்டிங் செய்த புராணப் பதிப்புகள் எங்கும் கிடைக்கும். படித்தவுடன் எறியப்படவென்றே அச்சிட்ட நாடக நோட்டீசும் ரயில் அட்டவணையும்தான் கிடைக்காது. ஒரே குடும்பத்தின் கடிதக்கட்டு கலையாமல் கிடைத்தால், அஞ்சல் தலைக்காக உறையை வெட்டுவதோ, அழகான கடிதத்தை மட்டும் பிரிப்பதோ பெருந்தவறு. பூச்சி அரித்த ஏட்டை வெயிலில் போடாமல், காற்றாட நிழலில் வைத்து, ஆய்வு நூலகம் ஒன்றிடம் கேட்பது முறை.

மதிப்பில்லாத புகழ்

சில பொருள்களுக்குப் புகழ் இருக்கிறது, மதிப்பு இல்லை. பழைய சிங்கர் தையல் இயந்திரம் அழகானது. ஆனால் உலகெங்கும் கோடிக்கணக்கில் செய்யப்பட்டதால் அரிதன்று. பழைய ரேடியோவுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும் செம்புக்குக் கோடி கொடுப்பார்கள் என்பவை முழு மோசடிகள். அரிசியை இழுக்கும் செம்பு என்று எதுவும் கிடையாது, அதைத் தேடிப் போனவர்கள் முன்பணத்தைத் தொலைத்திருக்கிறார்கள். பழைய நாணயத்துக்கும் நோட்டுக்கும் லட்சக்கணக்கில் தருவதாக வரும் விளம்பரங்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கியே, தன் பெயரில் கட்டணமோ கமிஷனோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தது. விற்பதற்கு முன் உங்களிடம் பணம் கேட்கும் எந்த வாங்குபவரும் வாங்குபவர் அல்லர்.

மின் சாமான்களில் பொருள் விலை அரிது. எடை விலைதான் முக்கியம், அதுவும் செம்புக் கம்பிச் சுற்றா அலுமினியச் சுற்றா என்பதைப் பொறுத்தது. கம்பியிலிருந்து செம்பை எடுக்க ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துகிற பழக்கம் கொடியது. அந்தப் புகை நஞ்சு. உரித்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பியாகவே போட்டுவிட வேண்டும்.

வாங்குவதும் வைத்துக்கொள்வதும்

வாங்கியவுடன் புளியும் சாம்பலும் போட்டுப் பளிச்சென்று தேய்ப்பது நம் வீட்டுப் பழக்கம். சமைக்கும் பாத்திரத்துக்கு அது சரி, பழம்பொருளுக்கு அது கேடு. நூறாண்டு படிந்த மேல்நிறம் போனால் மீளாது; பட்டறையில் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றினால் வெட்டிய எழுத்தும் கூர் மழுங்கிவிடும். மென்மையான துணி, தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பிறகு ஈரமில்லாமல் துடைத்தல் ஆகியவை போதும். பித்தளையில் சமைக்க விரும்பினால் உள்ளே வெள்ளீயம் பூசிய பிறகே சமைக்க வேண்டும்.

வீட்டில் நேரடியாக வாங்கும்போது, “ஆச்சி, இது யாருடைய சீரில் வந்தது?” என்று கேட்பது வெறும் மரியாதைப் பேச்சன்று. அப்பத்தாவின் சீர் என்றால் கல்யாண ஆண்டு தெரிந்துவிடும். எந்த ஊர்ச் சம்பந்தம் என்பதும் தெரியும். சில சமயம் அதே சீரில் வந்த ஜோடிப் பொருள் உள்வீட்டில் இருப்பதும் தெரியவரும். அந்தப் பதிலை அன்றே ஒரு சீட்டில் எழுதிப் பொருளோடு வைக்க வேண்டும். வயதானவர் ஒருவர் வெள்ளியைப் பித்தளை என்று நினைத்து நீட்டும்போது வாயை மூடிக்கொண்டு வாங்குவதைச் சாமர்த்தியம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதைத் திருட்டுக்குப் பக்கத்து வீடு என்றுதான் சொல்வேன். காயலாங்கடையில் நிலை வேறு. கடைக்காரர் எடைக்கு வாங்கி எடைக்கு விற்பவர், அவரது கணக்கில் நட்டமில்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்தே அந்தக் கணக்கு அப்படித்தான்.

சட்டத்தை அறியாமல் இதில் இறங்கக் கூடாது. 1972-இன் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் போன்றவையும், எழுபத்தைந்து ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளும் தொல்பொருள்கள். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வணிகமாக விற்க உரிமம் வேண்டும். சிலைகள், ஓவியங்கள், சித்திரம் உள்ள ஏடுகள் போன்ற குறிப்பிட்ட வகைகளை வீட்டில் வைத்திருந்தாலும் பதிவுசெய்ய வேண்டும். நிலத்தைத் தோண்டும்போது புதையல் கிடைத்தால், அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-இன் புதையல் சட்டம். கோயிலிலிருந்து வந்ததுபோலத் தோன்றும் சிலையையோ விளக்கையோ எந்த விலைக்கும் தொடக் கூடாது.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைந்த பகுதி என்பதால், செட்டிநாட்டில் திருட்டுச் சாமான் சந்தைக்கு வருவதும் உண்டு. பூட்டை உடைத்து எடுத்த கதவுக் குமிழும், பிரித்த வீட்டில் முறையாக வாங்கிய குமிழும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பங்காளிகளில் ஒருவர் மட்டும் மற்றவர்களுக்குத் தெரியாமல் விற்பதும் நடக்கிறது. அந்தப் பொருள் பின்னால் வழக்காகத் திரும்பி வரும். ஆகவே விற்பவரின் பெயர், ஊர், பொருளின் அடையாளம், எடை, தொகை, தேதி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கி, பொருளை நான்கு பக்கமும் படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து வைக்க வேண்டும். பொதுச் சொத்து என்று தெரிந்தால் மற்றப் பங்காளிகளின் சம்மதமும் எழுத்தில் இருப்பது அவசியம். எழுதித்தரத் தயங்குபவரிடம் அந்தச் சாமானை விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.